பெரியத்தை என் தோளைப் பிடித்த ஞாயிறு

எனக்கு அப்போது பத்து வயது, தங்கைக்கு எட்டு. அப்பாவின் அக்காவான பெரியத்தை, டீச்சர் வேலையிலிருந்து ஓய்வு பெற்று, கொட்டச்சேட்டில் எங்களோடு இருந்தார். சர்க்கரை நோயால் அவருக்குக் கால் நரம்பு கெட்டுவிட்டது என்று பெரியவர்கள் பேசிக்கொண்டார்கள். எனக்குத் தெரிந்ததெல்லாம், கண்ணை மூடினால் அவர் சாய்ந்துவிடுவார் என்பதுதான். எங்கள் சர்ச்சில் கண்ணைத் திறந்தபடி ஜெபம் செய்தும் திட்டு வாங்காத ஒரே ஆள் அவர். நடக்கும்போது யார் தோளையாவது பிடித்துக்கொள்வார். அந்த யாராவது எப்போதும் தங்கைதான்.

எனக்கு வயிறு எரியும். மூத்தவள் நான், உயரமும் நான், பதினாறாம் வாய்ப்பாடு வரை தலைகீழாகத் தெரிந்தவளும் நான். தங்கையோ எதையோ தொலைத்தவள் போலத் தரையைப் பார்த்தபடியே நடப்பாள். அவளுக்குப் போய் இந்தக் கௌரவம்.

ஒரு ஞாயிறு, சர்ச்சுக்குப் போகும் வழியில், அம்மா கூப்பிடுவதாகப் பொய் சொல்லி அவளைத் திருப்பி அனுப்பினேன். பெரியத்தையின் கை என் தோளுக்கு வந்தது. அது அவ்வளவு கனக்கும் என்று நான் நினைக்கவில்லை.

"மெதுவாப் போ கண்ணு. கீழ கல்லு பள்ளம் பாத்துச் சொல்லிக்கிட்டே வா."

"செரிங்க அத்தை" என்றேன். ஆனால் என் வகுப்புப் பிள்ளைகள் சாலையோரம் நின்றிருந்தார்கள். எங்களை அவர்கள் பார்க்கிறார்களா என்று பார்க்கவே எனக்குக் கண் போதவில்லை.

சர்ச் படியேறும்போது தங்கை மூச்சிரைக்க ஓடிவந்தாள். கையில் ஒற்றைச் செருப்பு.

"அத்தை, இது உங்களுதுங்க. வளைவுலயே கெடந்துச்சு."

பெரியத்தை குனிந்து பார்த்தார். வெறுங்காலாக இருந்த இடது காலைக் கல் கிழித்திருந்தது. படியில் ரத்தத் தடம்.

"வலிக்குதுங்களா அத்தை?" என்றேன். அழுகை முட்டியது.

"இல்ல சாமி. கொஞ்சங்கூட வலிக்கல." சொல்லிவிட்டுத் தங்கையின் தோளைப் பிடித்துப் படியில் உட்கார்ந்தார்.

அப்பா அவரை ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். புண் ஆற மூன்று மாதமானது. அன்று வீடு திரும்பும் வழியெல்லாம் நான் தங்கையிடம் பெருமையடித்தேன். "அவ்வளவு ரத்தம் வந்தும் வலிக்கலைன்னாங்க, பாத்தியா? எம்மேலதான் நொம்பப் பாசம்."

நான் அழக்கூடாதென்று பெரியத்தை எனக்காகவே சொன்ன பொய் அது என்று பல வருடம் நம்பியிருந்தேன். அது பொய்யே இல்லை.