ஒருக்களித்துப் படுக்க ஒரு தலையணை

ஹெப்பாளில் ஒரு பிளாஸ்டிக் ஆலையில் பெட்டி ஒட்டும் வேலை பார்த்தபோது நான் தங்கியிருந்த அறையில் இரண்டு கட்டில், நாலு ஆள். பகல் ஷிஃப்டுக்காரர்கள் இருவர் எழுந்து போனதும், இரவு ஷிஃப்ட் முடித்த நாங்கள் இருவர் அதே கட்டில்களில் விழுவோம். பக்கத்துக் கட்டிலில் ஹனூர்க்காரத் தம்பி. அதே ஆலையில் சரக்குத் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டினான்.

ஏழாம் வகுப்போடு பள்ளியை விட்டதிலிருந்து எத்தனையோ ஊர்களில் படுத்திருக்கிறேன். குறட்டைக்காகத் துரத்தப்படுவது புதிதில்லை. இந்த முறை விஷயம் வேறு. என் சத்தத்தால் தூக்கம் கெட்டு, அவன் வண்டியிலேயே கண்ணசந்து, சரக்கோடு ஒரு தூணில் இடித்துவிட்டான். இன்னொரு முறை நடந்தால் வேலை இல்லை என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். அவன் மனைவிக்கு அப்போது ஏழாம் மாதம்.

முன்பெல்லாம், "அண்ணா, மூக்குக்குள்ள போர்வெல் லாரி நிறுத்தி வெச்சிருக்கீங்ளா?" என்று சிரிப்பான். என் கால் கட்டைவிரலில் கயிறு கட்டி மறுமுனையைத் தன் கையில் சுற்றிக்கொள்வான். சத்தம் வந்தால் இழுப்பான், நான் புரண்டு படுப்பேன். ஆனால் இழுக்க அவன் விழித்தாக வேண்டுமே. தூணில் இடித்த மறுநாள் சிரிப்பு போயிற்று.

"ஞாயித்துக்கெழமைக்குள்ள ஏதாச்சும் பண்ணுங்ணா. இல்லீன்னா வேற ரூம் பாத்துக்குங்க. எனக்கு வேற தாரி, வேற வழி தெரியலீங்."

விஜயநகரில் ஒரு மெத்தைக் கடையில் குறட்டைக்கென்றே தலையணை வைத்திருந்தார்கள். நடுவில் பள்ளம், இரண்டு ஓரமும் மேடு. "மல்லாக்கப் படுத்தாத்தான் சத்தம் வரும். இது உங்கள ஒருக்களிச்சே வெச்சிருக்கும், நோடி, பாருங்க" என்றார் கடைக்காரம்மா.

வாங்கி அறைக்குக் கொண்டுவந்ததும் தம்பி அதைக் குத்திப் பார்த்தான், முகர்ந்து பார்த்தான். பிறகு என் விரலில் கட்டவிருந்த கயிற்றைச் சுருட்டிக் குப்பையில் போட்டான். "நம்பறேனுங்ணா."

அந்தச் சொல்தான் என்னைத் தூங்கவிடவில்லை. படுத்ததும் சிறிது நேரம்தான் கண்ணசந்தேன். என் குறட்டையே என்னை எழுப்பியது. பார்த்தால் மல்லாந்து கிடக்கிறேன், தலையணை தோளுக்கடியில். நல்லவேளை, அவன் அசையவில்லை. அதன்பின் தொடையைக் கிள்ளிக்கொண்டே விழித்துக் கிடந்தேன்.

மாலையில் தெளிந்த முகத்தோடு எழுந்தான். "சும்மா சொல்லக் கூடாதுங், சூப்பர் தலையாணி! என்ற மாமனாருக்கும் ஒண்ணு வாங்கோணும்."

நானும் தலையாட்டினேன். அடுத்த இரண்டு பகலும் அப்படியே கிடந்தேன்.

மூன்றாம் இரவு ஷிஃப்ட் முடியும் நேரம். டேப் ஒட்டிக்கொண்டிருந்தவன் எப்போது வண்டிப் பாதைக்குள் வந்தேன் என்று தெரியாது. பிரேக் கிரீச்சிட்டது. வண்டியின் இரும்புக்கை என் இடுப்புக்கு ஒரு சாண் தள்ளி நின்றிருந்தது. மேலே அவன் முகம் வெளுத்திருந்தது. ஹாரன் அடிக்கக்கூட அவனுக்கு நேரம் இருந்திருக்காது.

அறைக்கு வந்ததும் சொல்லிவிட்டேன். "தம்பி, தலையணை ஒண்ணும் பண்ணல. நான்தான் தூங்கல."

"எப்ப இருந்து?"

"வாங்கின அன்னைல இருந்து."

கட்டிலில் உட்கார்ந்துவிட்டான். "கிறுக்கு மனுசனுங் நீங்க! இன்னைக்கு ஏத்தியிருந்தா? வேலை போறது கெடக்கட்டும், கொலைகாரன்னு ஆயிருப்பனே!"

நான் பையை எடுத்தேன்.

"எங்க கெளம்பறீங்? வைங்க கீழ. அப்படியே ரோட்டுல போயி விழறதுக்கா?" மூச்சு வாங்கினான். "எட்டுக்கு நான் படுக்கறேன். மத்தியானம் ஒரு மணிக்கு எந்திரிச்சர்றேன். அப்பறம் நீங்க படுத்து கொறட்டைல வீட்டையே இடிங்க. அதுவரைக்கும் வெளிய இருங்க."

மாடிப்படியில் உட்கார்ந்தேன். சுவரில் சாய்ந்தால் தூங்கிவிடுவேன், தூங்கினால் சத்தம் உள்ளே போகும் என்று எழுந்து நின்றேன். பாதி வேளை கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றேதான் இருந்தேன். ஒரு மணிக்குக் கதவு திறந்தது. அவன் கண் சிவந்திருந்தது. இன்னும் இரண்டு மணி நேரம் தூங்கியிருக்கலாம்.

"போங்ணா" என்று வழிவிட்டான்.

ஷிஃப்ட் மாறும் வரை இப்படியே ஓடியது. ஐந்து மணி நேரத் தூக்கத்தில் அவன் வண்டி ஓட்டினான், ஐந்து மணி நேரத் தூக்கத்தில் நான் பெட்டி ஒட்டினேன். வண்டி எதிலும் இடிக்கவில்லை.