ஆறக்கூடாத பெட்டி

கொல்லிமலை என்றதும் எல்லோரும் குளிர்ச்சியைச் சொல்கிறார்கள். எனக்கு முதலில் ஞாபகம் வருவது அலுப்புதான்.

அறுபதுகளின் தொடக்கத்தில், பாறைக்கடியில் தாது தேடும் ஒரு குழுவில் மெக்கானிக்காக இருந்தேன். என் பொறுப்பில் இரண்டு பெட்டிகள். இரண்டும் பழைய ரேடியோ மாதிரி, சூடேறி எரியும் கண்ணாடி வால்வு போட்டவை, பேட்டரியில் ஓடி மின்னலைகளைக் கிளப்புபவை. ஒன்று முகாமில் இருந்துகொண்டு மண்ணுக்குள் அலையை அனுப்பும். மற்றது இரண்டு மைல் தள்ளி, அதிகாரி உட்கார்ந்திருக்கும் இடத்தில், அதே தாளத்தில் ஓடிக்கொண்டிருக்கும். மண் வழியாக வந்த அலை இதைவிட எவ்வளவு பிந்துகிறது என்று அவர் அளப்பார். தாளம் கொஞ்சம் பிசகினாலும் அந்த அளவுக்கு அர்த்தமில்லை.

காலையில் இரண்டையும் அருகருகே வைத்து, ஒரு சின்னத் திரையைப் பார்த்தபடி குமிழைத் திருகுவேன். அலைகளின் உயரம் ஒத்துப்போனால் திரையில் முட்டை வடிவில் தெரியும் ஒளிக்கோடு வட்டமாகும். வேகம் ஒத்துப்போனால் வட்டம் புரளாமல் நிற்கும். அது நிற்பதற்குள் எனக்கு மூச்சு நின்றுவிடும். நின்றதும், அணைக்காமலே, ஒரு பெட்டியைச் சுமைக்காரர் தலையில் ஏற்றிவிடுவோம். அணைத்தால் வால்வு ஆறிவிடும், ஆறினால் வேகம் மாறும். சாயங்காலம் பெட்டி திரும்பியதும் மறுபடி திரையில் பார்ப்போம். வட்டம் நின்றால் அன்றைய அளவுகள் செல்லும். புரண்டால் அத்தனையும் குப்பை.

என் மனைவி அப்போது நிறைமாதமாக, மலைக்குக் கீழே சேந்தமங்கலத்தில், அவள் அம்மா வீட்டில் இருந்தாள். முதல் பிள்ளை பிறந்து அன்றே இறந்தபோது நான் வேறு ஊரில் ஏதோ கம்பியைப் பற்றவைத்துக்கொண்டிருந்தேன். அடக்கமெல்லாம் முடிந்த பிறகுதான் போய்ச் சேர்ந்தேன். "இந்தத் தடவ பக்கத்துல இருக்கோணுங்க," என்று மட்டும் கேட்டிருந்தாள். சத்தியம் செய்துகொடுத்திருந்தேன். அளக்கவேண்டிய இடங்களில் கடைசி வரிசையை அளந்ததும் மலையிறங்கலாம் என்று அதிகாரி சொல்லிவிட்டார். பாக்கி ஒரே ஒரு நாள் வேலை.

அன்று பார்த்துப் பழைய சுமைக்காரருக்குக் காலில் முள் ஏறி, புதியவர் ஒருவர் வந்தார். மலையில் சாமை விதைக்கிறவர், நிதானமான மனிதர். "ஆட்டாம அசைக்காம, கொழந்தையத் தூக்கற மாதிரி தூக்கோணும்," என்று சொல்லி அனுப்பினேன். சாயங்காலம் வட்டம் புரண்டது. வால்வை மாற்றினேன். மறுநாளும் புரண்டது. பேட்டரியை மாற்றினேன். 'நின்றது' என்று நோட்டில் எழுதிவிட்டு இறங்கியிருக்கலாம், யாருக்கும் தெரிந்திருக்காது. கை எழுதவில்லை. அதற்காக என்னை நான் ஒருநாளும் மெச்சிக்கொண்டதில்லை.

மூன்றாம் நாள் காலை அவர் பின்னாலேயே நடந்தேன். பாதி வழியில் ஓடை வந்தது. பெட்டியைப் பாறை நிழலில் இறக்கினார். அதன் விலாவில் புறங்கையை வைத்துப் பார்த்தார். தோள் துண்டை ஓடையில் நனைத்து, பிழிந்து, பெட்டிமேல் போர்த்தினார். இரண்டு நாளும் போகும்போதும் வரும்போதும் இதுதான் நடந்திருக்கிறது. நான் தொண்டை கிழியக் கத்தினேன்.

அவர் திடுக்கிட்டுத் திரும்பினார். "ஏனுங்க, கொழந்தையாட்டம் பாத்துக்கச் சொன்னது நீங்கதானுங்க? ஒடம்பு கொதிக்குதுங்க சாமி. சும்மா உட முடியுங்களா?"

சிரிக்கக்கூட எனக்குத் தெம்பில்லை. அப்போதுதான் அவரிடம் சொன்னேன், அந்தச் சூடு ஆறக் கூடாது என்று. கீழே மனைவி காத்திருக்கிறாள் என்றும் சொன்னேன்.

"மொதல்லயே சொல்லியிருக்கலாமுங்களே," என்றார்.

சொல்லியிருக்கலாம்தான். கூலிக்குச் சுமக்கிறவருக்கு எதற்கு விளக்கம் என்று நினைத்த புத்தி என்னுடையது. பெட்டியோடு முகாமுக்குத் திரும்பி, உச்சிவேளையில் வட்டத்தை மறுபடி நிறுத்தி அனுப்பினேன். இந்தத் தடவை அவர் ஓடையில் தண்ணீர் குடிக்கக்கூட நிற்கவில்லையாம். சாயங்காலம் வட்டம் நின்றது. குழுவில் எல்லோரும் கைதட்டினார்கள், எனக்கு உட்கார்ந்தால் போதும் என்றிருந்தது.

விடிந்ததும் அடிவாரத்துக் காரவள்ளிக்கு நடந்தே இறங்கி பஸ் பிடித்தேன். வாசலில் மாமியார் என்னைப் பார்த்துவிட்டு, "நேத்து மத்தியானமே பொறந்துருச்சுங்க, பொம்பளப் புள்ள," என்றார். நான் குமிழைத் திருகிக்கொண்டிருந்த அதே நேரம்.

மனைவி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். அதற்குள் அவள் திரும்பாமலே சொன்னாள்: "புள்ளையத் தொட்டுப் பாருங்க. சூடா இருக்குது. மூத்தது சில்லுனு இருந்துச்சு. உங்களுக்கு அது தெரியாது."

தொட்டேன். சூடாக இருந்தது. வெகு நேரம் கையை எடுக்கவில்லை.