கன்னத்தை நம்ப வேண்டாம்

முதலில் காய்ச்சல்தான் வந்தது. பிறகு காலில் ஊதா நிறத் திட்டுகள். ஏழு வயதுப் பெண், விளையாடும்போது எங்கேயாவது விழுந்திருப்பாள் என்று நினைத்தோம். ரத்தப் பரிசோதனையில் லுக்கேமியா (ரத்தப் புற்றுநோய்) என்று வந்தது. எங்கள் ஊரான அண்ணனூரில் கைக்குழந்தையோடு மனைவி இருக்க, ஆஸ்பத்திரியில் மகள் யாழினியோடு நான் தங்கினேன்.

வார்டு முழுக்க அம்மாக்கள். ஒருவர் பிள்ளையை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள், சேர்ந்தே அழுவார்கள். நான் பக்கத்தில் போனால் பேச்சு நின்றுவிடும். தப்பு அவர்கள்மேல் இல்லை. ஆனாலும் அந்தத் தனிமை பொல்லாதது. அப்படித் தனியாக நிற்கும் அப்பாக்களுக்குத்தான் இதை எழுதுகிறேன்.

ஸ்டீராய்டு (புற்றுச் செல்களை அழிக்கத் தரும் மருந்துகளில் ஒன்று, பசியைத் தூண்டும், உடம்பில் நீர் கோக்கும்) தொடங்கியதும் யாழினி கேட்டுக் கேட்டுச் சாப்பிட்டாள். முகம் உப்பியது. மற்ற மருந்துகள் ஏற ஏற வாயெல்லாம் புண். இட்லியைக் கண்டாலே குமட்டினாள். முகம் மட்டும் வடியவில்லை.

வீடியோ காலில் மனைவி பார்ப்பது அந்த முகத்தைத்தான்.

“கன்னம் எப்டி பூரிச்சிகீது பாரு. புள்ள தேறிட்டா,” என்றாள். கண் பட்டுவிடுமென்று செல்போனுக்கே உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டாள். எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் நானும் நம்பினேன். எடையும் குறையவில்லையே.

ஒருநாள் டாக்டரம்மா யாழினியின் மேல்கையில் டேப்பைச் சுற்றி அளந்தார்.

“முகம் மருந்தால வந்த வீக்கம். எடையும் நீர்தான். கையில சதை கரைஞ்சிருக்கு பாருங்க. இப்படியே போனா அடுத்த மருந்தை உடம்பு தாங்காது, தள்ளிப்போட வேண்டி வரும். அது நல்லதில்ல. மூக்கு வழியா டியூப் வச்சு ஆகாரம் கொடுக்கலாம்.”

மனைவி ஒப்பவில்லை. “நல்லா கீற புள்ளைக்கு இன்னாத்துக்கு டியூப்பு? உனக்கு ஊட்டத் தெரியல, அத சொல்லு.”

சுருக்கென்றது. யாழினியின் சட்டைக் கையைத் தூக்கி, போனை அந்தப் பக்கம் திருப்பினேன். மனைவி திரையருகே முகத்தைக் கொண்டுவந்து அந்தக் கையைப் பார்த்தாள்.

“போடச் சொல்லு,” என்றாள்.

அன்று அவள் அங்கேயும் நான் இங்கேயும் அழுதோம்.

குழாயில் ஆகாரம் மெல்ல இறங்கும். அதைப் பார்த்துக்கொண்டே கிடந்ததில் எனக்குக் கிழமை மறந்துபோனது. மருந்து தள்ளிப்போகவில்லை. புண் ஆறி, வாயால் சாப்பிடத் தொடங்கியதும் குழாயை எடுத்தார்கள்.

இப்போது வீட்டிலிருந்தே சிகிச்சைக்குப் போய்வருகிறோம். ஸ்டீராய்டை நிறுத்தியதால் முகம் வடிந்துவிட்டது. “இன்னா இப்டி எளச்சிட்டா,” என்று பார்க்கிறவர்கள் எல்லாம் உச்சுக்கொட்டுகிறார்கள். கையில் சதை பிடித்திருக்கிறது என்று டாக்டரம்மா சொன்னதை யாரிடம் சொல்லிச் சந்தோஷப்படுவது? சொன்னாலும் கன்னத்தைத்தான் பார்ப்பார்கள். மகளின் உடம்பு இப்போது எனக்கு அவளுடைய மேல்கைதான். போகும்போதும் வரும்போதும் அதைப் பிடித்துப் பார்க்கிறேன்.

நேற்று அவள் தட்டின்முன் உட்கார்ந்திருந்தபோதும் பிடித்தேன்.

“கைய உடுப்பா,” என்றாள். “நான் துன்னணும்.”