பாடையில் கட்டிய ஆகாய விமானம்

எங்கள் அண்ணன் பதுளை பஜாரில், எங்கள் ஜவுளிக்கடையின் பின்கட்டில் பிறந்தார். பண்டாரவளைக்குக்கூட ரயில் வராத காலம் அது. அவர் மறைந்தது, ரயில் பதுளைக்கே வந்துவிட்ட பிறகு வந்த மார்கழியில். இடைப்பட்ட வாழ்க்கையை, "கடையைப் பார்த்தார், பொழுதுபோக்காக ஏதோ செய்தார்" என்று உறவினர் சிலர் முடித்துவிடுகிறார்கள். அந்த "ஏதோ" என்னவென்று எழுதாமல் இந்த நினைவு மலரை அச்சுக்குக் கொடுக்க எனக்கு மனமில்லை.

தம் கல்யாணத்துக்கு முந்திய ஆண்டு, கொழும்புப் பத்திரிகையில் வந்த ஆகாய விமானப் படத்தை அளந்து, அதே விகிதத்தில் மூங்கில் சிம்பால் ஒன்று கட்டினார். கஞ்சிப் பசையால் காகிதம் ஒட்டிய இறக்கைகள் ஐப்பசி மழையின் ஈரத்தில் தொய்ந்துவிட்டன. அவ்வாண்டே அப்பா படுக்கையில் விழ, கடையும் இரு தங்கைகளின் கல்யாணமும் அண்ணன் தலையில் இறங்கின. மூங்கில் பரணுக்குப் போனது.

ஐரோப்பியச் சண்டை ஓய்ந்து, தங்கைகளும் புகுந்த வீடு சென்ற பின்னரே அதை இறக்கினார். இம்முறை பட்டுத் துண்டுகளை இழுத்துக் கட்டி வார்னிஷ் பூசினார். அதன்மேல், தேயிலைப் பெட்டிக்குள் விரிக்கும் ஈயத்தாளை ஒட்டக் கற்றுக்கொண்டார். வார்னிஷ் விரலில் லேசாக ஒட்டும் பதத்தில் தாளை வைத்து, கரண்டியின் முதுகால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தேய்க்க வேண்டும். ஓரத்தில் தொடங்கினால் காற்று சிக்கிக் கொப்புளம் எழும். பல இறக்கைகளைக் கெடுத்த பிறகே இது பிடிபட்டது. காணாமற்போன கரண்டிகளைத் தேடி அலுத்த அண்ணியும் கடைசியில் தேய்க்க உட்கார்ந்தார்.

சித்தப்பாவுக்குப் பொறுக்கவில்லை. கடை நிறைய ஆள் இருக்கும்போதே கேட்பார்.

"ஏப்பா, கல்லாவுல உக்கார வேண்டியவன் கரண்டியத் தேச்சுக்கிட்டு இருக்கியே, இது பறக்குமா?"

"பறக்காதுங்க சித்தப்பா. ஈயம் கனமுங்க."

"அப்பறம் எதுக்கு?"

"பாக்கத்தாங்க. கோயில் தேரு மட்டும் பறக்குதுங்களா?"

கடைசியாக முடித்த விமானத்தை மழைக்காலம் முழுதும் தாழ்வாரத்தில் தொங்கவிட்டார். ஒரு சுருக்கம் விழவில்லை. "தைப்பொங்கலுக்குக் கடை வாசல்ல கட்டிறணும். ஊரே பாக்கட்டும்" என்று அண்ணியிடம் சொல்லியிருந்தார். பொங்கலுக்கு முன்பே காய்ச்சல் கண்டு காலமானார்.

அண்ணி மயங்கிக் கிடந்த நேரத்தில் சித்தப்பா அந்த விமானத்தை எடுத்துப் பாடையின் உச்சியில் கட்டினார். பாடையில் ஏறிய அலங்காரம் வீடு திரும்பலாகாது என்ற வழக்கம் அவர் அறியாததா?

"சித்தப்பா, அத அவுத்துருங்க. கடை வாசலுக்குன்னு செஞ்சது" என்றேன் நான்.

"பொணத்த வச்சுக்கிட்டு வம்பு பண்ணாத. அவனுக்குத்தான மரியாத? ராசா மாதிரி போகட்டும்."

சுடுகாட்டில் பூச்சரங்களோடு அதையும் பிய்த்துச் சிதையில் எறிந்தார்கள். ஈயம் உருகி வழிந்ததை நான் பார்த்துக்கொண்டு நின்றேன். உயிரோடு இருந்தவரை அவர் வேலையைக் கேலி செய்தவர்களுக்கு, அவர் இறந்த அன்று அது தோரணமாகப் பயன்பட்டது! இதற்கு மரியாதை என்று பெயர் வைக்க நான் சம்மதிக்கவில்லை.

ஈயத்தாள் கொடுத்துதவிய தெமோதரைத் தோட்ட நண்பர்களுக்கும், கொட்டும் மழையில் மடுல்சீமையிலிருந்து நடந்து வந்த உறவினர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. பாடைக்குத் தோள் கொடுத்தமைக்காகச் சித்தப்பாவுக்கும் நன்றி. விமானத்தைக் கட்டியதற்கு இல்லை.

அண்ணன் பாதியில் விட்ட விமானம் ஒன்று வீட்டில் இருந்தது. ஓர் இறக்கையில் மட்டும் ஈயத்தாள் ஒட்டியிருந்தார். மற்றதை அண்ணி, நடுவிலிருந்து ஓரத்துக்கு, கொப்புளமின்றித் தேய்த்து முடித்துவிட்டார். ஆண்டுத் திதியாகிய இன்று அது கடை வாசலில் தொங்குகிறது. வந்திருப்போர் நின்று பார்க்க வேண்டுகிறோம். எவரும் அவிழ்க்க வேண்டாம்.