துருவக்கா சேர்த்து வைத்த மலை

துருவக்காவின் அறைக்குள் போக வேண்டுமானால் மானத்தை மறைக்கிற அளவு துணி தவிர மற்றதையெல்லாம் வாசலிலேயே கழற்றி வைத்துவிட வேண்டும் என்று அந்த ஆய்வுக்கூடத்தில் ஒரு கேலிப்பேச்சு உண்டு. அது முழுப்பொய்யும் இல்லை. சாவி, கைக்கடிகாரம், கொண்டை ஊசி, பெல்ட், செல்போன் எல்லாம் வாசலில் இருக்கிற பிளாஸ்டிக் கூடைக்குள் போக வேண்டும். யாராவது மறந்துபோய் ஒரு பேனாவைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு வந்தால் போச்சு, அன்றைக்கு அவர் தொலைந்தார். ஒருமுறை ஆய்வுக்கூடத் தலைவரையே கண்ணாடியைக் கழற்றச் சொல்லிவிட்டாள், மனிதர் சுவரைத் தடவிக்கொண்டு வெளியே போனார்.

இத்தனை கெடுபிடியும் கல்லுக்காகத்தான். உருகிய பாறை ஆறி இறுகும்போது அதிலிருக்கிற நுணுக்கமான இரும்புத் துகள்கள் அப்போதைய பூமியின் காந்தம் எப்படி இழுக்கிறதோ அப்படியே திரும்பி உறைந்துவிடும். பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் பிறந்த கல்லில் அவை படுத்தவாக்கில் கிடக்கும். துருவத்தை நெருங்க நெருங்கத் தலைகுத்தாகச் சாய்ந்து நிற்கும். அதை அளந்தால் நூறு கோடி வருஷத்துக்கு முந்தைய கல்லானாலும் தான் பிறந்தபோது பூமத்திய ரேகையிலிருந்து எவ்வளவு தள்ளி இருந்தது என்று சொல்லிவிடும். "கல்லுக்கு இருக்கிற ஞாபகம் உங்க யாருக்கும் இல்ல" என்று அவள் சொல்லிக் காட்டாத நாளே கிடையாது.

தென்துருவத்துப் பனிக்கு நடுவே கறுப்பாகத் தலைநீட்டிக்கொண்டிருக்கும் ஒரு மலை. அந்த மலையும், இன்றைக்குப் பாதி உலகம் தள்ளிக் கிடக்கிற ஒரு வெயில் நிலமும், ரொடினியா என்கிற பழைய பெருங்கண்டத்தில் தோளோடு தோள் ஒட்டிக்கொண்டிருந்தவை என்பது துருவக்காவின் வாதம். பதினொரு வருஷமாக அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்த வெயில் நிலத்துக் கற்களை வேறு ஆட்கள் எப்போதோ அளந்துவிட்டார்கள். அவை பூமத்திய ரேகையில் பிறந்த கற்கள். மலைக் கல்லும் படுத்துக் கிடந்தால் அவள் ஜெயித்தாள். சாய்ந்து நின்றால் பதினொரு வருஷமும் கடலில் கரைத்த பெருங்காயம். தலைவர் ஒருநாள் கூட்டத்தில், "ஆசைப்பட்டா நிலம் ஒட்டாதும்மா" என்று சொல்லியிருந்தார். அதிலிருந்து அவரைப் பார்த்தாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

பனியில் முட்டிபோட்டுத் துளைத்து, ஒவ்வொரு கல்லிலும் எந்தப் பக்கம் மேல் என்று அம்புக்குறி கீறி, கப்பல் ஏற்றி, பெட்டி பெட்டியாகக் கொண்டுவந்து சேர்த்தாள். அந்தப் பெட்டிகளை யாரையும் தொடவிடாமல் தானே தூக்கி அடுக்கியதில் முதுகு போனது. முதுகு போனால் போகட்டும், கல் இருக்கிறதே என்று முதல் தட்டை அடுக்கி அளந்தாள்.

கற்கள் சாய்ந்து நின்றன. ஒன்றிரண்டு அல்ல, தட்டு முழுக்க, சொல்லிவைத்தாற்போல.

துருவக்கா அதை ஒப்புக்கொள்வாளா? எவனோ உள்ளே இரும்பு கொண்டுவந்திருக்கிறான் என்றாள். கல்லை அளக்கிற காந்தமானியைப் பார்த்துக்கொள்கிற மெஷின் தம்பியை நிற்கவைத்து விசாரித்தாள். நாற்பது வயது மனிதர், பாவம், இரண்டு பைகளையும் வெளியே இழுத்துக் காட்டினார். நாற்காலியில் ஆணி இருக்கிறது என்று நாற்காலிகள் வெளியே போயின. அப்புறம் அவருடைய செருப்பும் போயிற்று. இவ்வளவும் செய்துவிட்டு இரண்டாம் தட்டை அளந்தால், ஒரு கல் கிழக்கே போகிறது, ஒரு கல் மேற்கே போகிறது, ஒன்று தலைகீழாக நிற்கிறது. மூன்றாம் தட்டு அதைவிட மோசம். குடும்பச் சண்டையில்கூட இதைவிட ஒற்றுமை இருக்கும்.

"இனிமே நானே பாத்துக்கறேன். ஒருத்தரையும் நம்பறதா இல்ல" என்று சொல்லிவிட்டு, ஒரு சின்னத் திசைகாட்டியைக் கையில் ஏந்திக்கொண்டு இரும்பைத் தேடிப் புறப்பட்டாள். மூலையில் நின்றாள். முள் அவள் வயிற்றைக் காட்டியது. ஜன்னலுக்குப் போனாள். அங்கேயும் அவள் வயிற்றைத்தான் காட்டியது. திரும்பி நின்றாள், முள்ளும் கூடவே திரும்பியது. சனியன் பிடித்த திசைகாட்டி என்று திட்டி, இன்னொன்று கொண்டுவரச் சொன்னாள். அதுவும் அப்படியே. மெஷின் தம்பி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"என்னன்னு சொல்லித் தொலைங்க தம்பி."

"அக்கா, இடுப்புல ஏதாவது கட்டியிருக்கீங்களா?"

முதுகுவலிக்கு என்று கணவர் வாங்கிக்கொடுத்த பட்டை. சட்டைக்குள் கட்டியிருந்தாள். உள்ளே ரூபாய்க் காசு அகலத்துக்கு வரிசையாகக் காந்தங்கள் வைத்துத் தைத்திருந்தது. அதைக் கட்டிக்கொண்டு ஒவ்வொரு தட்டின்மேலும் குனிந்து குனிந்து பார்த்திருக்கிறாள். ஊரையே சல்லடையாகச் சலித்தவள். தன் முதுகு தனக்குத் தெரியாது என்று சும்மாவா சொன்னார்கள்!

வெட்கப்பட்டாளா என்றால், இல்லை. சந்தோஷம் தாங்கவில்லை. திருடன் அகப்பட்டுவிட்டானே! தலைவரை அப்போதே போனில் கூப்பிட்டு, எல்லாம் இந்தப் பட்டை செய்த வேலை, முதல் தட்டின் முடிவும் செல்லாது, மலை நான் சொன்ன இடத்தில்தான் இருந்திருக்கிறது என்று அடித்துச் சொன்னாள்.

வீட்டுக்குப் போனதும் பட்டையைச் சாப்பாட்டு மேஜைமேல் வீசினாள். கணவர் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர், சாது. உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார். வாங்கும்போது உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கிற வழக்கமே உங்கள் பரம்பரைக்குக் கிடையாதா, உங்களால் மூன்று தட்டு பாழ் என்று ஆரம்பித்தாள். அவர் ஒரு கிழங்கை உரித்து முடிக்கும் வரை கேட்டுக்கொண்டிருந்தார்.

"மூணா? ரெண்டுதானே இருக்கும்" என்றார்.

"உங்களுக்கு என்ன தெரியும்?"

"முதல் தட்டு போச்சுன்னு சொல்லி வந்து சோபாவுல சாஞ்சு அழுதியே, முதுகு வேற விட்டுப்போச்சுன்னு. அதைப் பாக்க முடியாமத்தானேம்மா அன்னிக்கு சாயங்காலம் கடைக்குப் போனேன்."

துருவக்கா நாளை எண்ணிப் பார்த்தாள். பட்டை வருவதற்கு முன்னால் அளந்தது முதல் தட்டு. அதை யாரும் கெடுக்கவில்லை. அவர் மறுபடி உரிக்கத் தொடங்கினார், அவளும் ஒரு கத்தியை எடுத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள்.

மறுநாள் பட்டை இல்லாமல், முதுகைப் பிடித்துக்கொண்டு, பிரிக்காமல் மீதியிருந்த ஒரே பெட்டியை மெஷின் தம்பியைத் தூக்கச் சொன்னாள். பெட்டியைத் தூக்கச் சொல்லி அவள் வாயால் கேட்பது அதுதான் முதல்தடவை என்பதால் அவர் பயந்தே போனார். செருப்பைப் போட்டுக்கொள்ளச் சொன்னாள், அப்புறம் மன்னிச்சுக்குங்க தம்பி என்றாள். கற்களைப் படிப்படியாகச் சூடாக்கி, நடுவில் ஒட்டிய காந்தத்தையெல்லாம் கழித்துவிட்டு அளந்தார்கள். எல்லாக் கல்லும் முதல் தட்டைப் போலவே சாய்ந்து நின்றது. அவள் இன்னொரு முறை அளக்கச் சொல்லவில்லை.

தலைவர் அறைக்கு அவளே நடந்து போனாள். அவர் பழக்கதோஷத்தில் மூக்குக்கண்ணாடியைக் கழற்றப் போனார். போட்டுக்கோங்க சார் என்று சொல்லிவிட்டு, நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அந்த மலையும் அந்த நிலமும் ஒண்ணா இருந்ததே இல்ல சார். இத்தன வருஷமா நான்தான் பிடிச்சு ஒட்டவெச்சிருந்தேன்."