குஷ்ட ஒழிப்புச் சைக்கிள் பயணமும் நான் சாத்திய கதவும்

எனக்குக் கோர்வையாக எழுத வராது. மறதியும் சேர்ந்துவிட்டது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

எண்பதுகளில் இராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் கம்பெனியில் துணி சுற்றும் வேலை பார்த்தேன். குஷ்டத்தை ஒழிக்க நிதி திரட்டி, வருஷாவருஷம் சிலர் ஸ்ரீவில்லிபுத்தூருக்குச் சைக்கிளில் போவார்கள். முதல் வருஷம் எங்கள் கம்பெனி வாசலில் நின்று தண்ணீர் கேட்டார்கள். அவர்களில் நோய் வந்து குணமானவர்களும் உண்டு என்று கேட்டதும், நான்தான் கதவைச் சாத்தினேன். கதவிடுக்கில் ஒரு நோட்டீஸைச் செருகிவிட்டுப் போனார்கள். உணர்ச்சியில்லாத தேமலைச் சும்மா விடாதீர்கள் என்று அதில் இருந்தது. என் முழங்கையில் ஒரு தேமல் உண்டு. ஊசியால் குத்திப் பார்த்தேன். வலிக்கவில்லை.

ஆஸ்பத்திரி மாத்திரை தின்று குணமானேன். யாரிடமும் சொல்லவில்லை. இரண்டு வருஷம் கழித்து அந்தச் சைக்கிள்கள் மறுபடி எங்கள் கம்பெனிப் பக்கம் வந்தன.

"ஏட்டி, கதவச் சாத்து. நோய்க்காரங்க வாராங்க" என்றார் மேஸ்திரி.

நான் சத்தமாகப் பேசிப் பழகாதவள். "அப்ப என்னைய வெளிய விட்டுட்டுச் சாத்துங்க அண்ணாச்சி. எனக்கும் குஷ்டம் இருந்துச்சு" என்றேன்.

"மெதுவாப் பேசுட்டி. வேல போயிரும்."

"போனாப் போகுது. ஸ்ரீவில்லிபுத்தூர் வரைக்கும் சொல்லிக்கிட்டேதான் போவேன்."

முதல் வருஷம் தண்ணீர் கேட்டவரின் சைக்கிள் கேரியரிலேயே ஏறி உட்கார்ந்தேன். ஊரே பார்த்தது. நானும் தலை குனியாமல் பார்த்தேன். வேலை போகவில்லை. பக்கத்தில் உட்காரத்தான் கொஞ்ச நாள் ஆளில்லை. நோய் வந்ததற்கு எனக்கு வெட்கமில்லை. கதவைச் சாத்தியதற்குத்தான் இன்றும் கூசுகிறது.

வருஷக் கணக்கு தப்பாக இருந்தால், தெரிந்தவர்கள் சரிபார்த்துத் திருத்துங்கள். குஷ்டம் என்று எழுதியதை மட்டும் 'தோல் வியாதி' என்று மாற்றிவிடாதீர்கள்.