டப்பாக்காரி பாஞ்சாலை

"மனுஷன் இதயத்துக்கு நாலு அறை, தவளைக்கு மூணு அறை" என்று முனகிக்கொண்டே பாஞ்சாலை ஆத்துக்கொல்லை மேட்டில் ஏறுகிறாள். மூக்கின் மேல் இறுக்கிக் கட்டிய துண்டு. தோளில் மஞ்சள் துணிப்பை. பைக்குள் திருகு மூடி போட்ட சின்ன டப்பாக்கள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு கலகலக்கின்றன. அந்தச் சத்தத்துக்கு மேட்டிலுள்ள நாய்கள் வாலைக்கூட அசைப்பதில்லை. மனிதர்கள்தான் ஓடுகிறார்கள். கம்பங்கொல்லைக்குள் இரண்டு பேர், மாட்டுக்கொட்டகைக்குள் நாலு பேர், புளியமரத்தின் மேல் ஒருவர். போலீஸ் ஜீப் வந்தபோதுகூட ஜவ்வாது மலையில் இவ்வளவு பேர் ஓடியதில்லை என்கிறார்கள்.

அப்படி என்ன டப்பா? நீங்கள் காலையில் எழுந்ததும் முதலில் செய்கிற காரியம் ஒன்று இருக்கிறதல்லவா, அதில் ஒரு சிட்டிகை. மலை ஜனங்களின் வயிற்றில் என்னென்ன புழு குடியிருக்கிறது என்று எண்பத்தாறாம் வருஷம் ஒரு கணக்கெடுப்பு நடந்தது. சாயங்காலம் வீட்டுக்கு ஒரு டப்பாவும் ஒரு தட்டைக் குச்சியும் கொடுக்க வேண்டும். விடிந்ததும் வாங்கிக்கொண்டு போய்ப் பரிசோதனை அறையில் சேர்க்க வேண்டும். புழு இருக்கிற ஊருக்கு மாத்திரை வரும். இல்லாத ஊருக்கு வராது. இந்த வேலைக்குத் தாளில் இருக்கிற பெயர் தற்காலிகக் கள உதவியாளர். ஊர் வைத்த பெயர் டப்பாக்காரி.

கொடுத்த டப்பாவெல்லாம் திரும்பி வருமா என்றால் வராது. டப்பா நல்ல டப்பா. மேட்டில் பாதிப் பெண்களின் குங்குமம் இப்போது அதில்தான் இருக்கிறது. ஒரு பெரியவர் மூக்குப்பொடி போட்டு இடுப்பில் செருகியிருக்கிறார். ஒரு வீட்டில் மட்டும் மிகுந்த மரியாதையோடு, வழிய வழிய மலைத்தேன் நிரப்பிக் கொடுத்தார்கள். "கெவுருமெண்டுக்குப் போயும் போயும் அதயா குடுத்தனுப்பறது? மானம் போவாது?" என்று கேட்டார்கள். பாஞ்சாலை அந்தத் தேனைப் பரிசோதனைக்கு அனுப்பவில்லை. அது எங்கே போனது என்று அவளும் சொல்லவில்லை.

வயது பத்தொன்பது. ஆத்துக்கொல்லையிலேயே பிறந்து வளர்ந்தவள். ஒல்லி. நடை மட்டும் பஸ்ஸைப் பிடிக்கப் போகிற நடை. வேலை முடிந்து ஓடையில் சிவப்பு சோப்புப் போட்டு மூன்று தரம் கை கழுவுவாள். கழுவிய கையை முகர்ந்து பார்ப்பாள். நாலாம் தரம் கழுவுவாள். அப்படியும் சாப்பாட்டில் உட்கார்ந்தால் சித்தி மகள்கள் நைசாக ஒரு முழம் தள்ளி உட்காருவார்கள். தட்டை எடுத்துக்கொண்டு அவளும் அதே ஒரு முழம் நகர்ந்து அவர்கள் பக்கத்திலேயே போய் உட்கார்ந்துகொள்வாள். இப்படியே சில நாள் சாப்பாடு அடுப்பங்கரையில் ஆரம்பித்து வாசலில் முடியும்.

இன்னொரு பழக்கம், எதிரில் யார் வந்தாலும் அவர்களின் கீழ் இமையை விரலால் இழுத்துப் பார்ப்பது. சிவப்பாக இருந்தால் விட்டுவிடுவாள். வெளுத்திருந்தால் "கீரை துன்றியா?" என்பாள். மாப்பிள்ளை வீட்டார் ஒருமுறை பெண் பார்க்க வந்தபோது மாமியாராக வரவேண்டிய அம்மாளின் இமையையே இழுத்துவிட்டாள். "உங்களுக்கு ரத்தம் பத்தலைங்க" என்று வேறு சொன்னாள். அவர்கள் அதற்கப்புறம் வரவில்லை. அதற்காக அவள் ஒருவேளைகூடப் பட்டினி கிடக்கவில்லை.

ஏனென்றால் அவளுடைய ஒரே ஆசை டாக்டர் படிப்பு. மேட்டிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு தேறிய முதல் பெண். போன வருஷம் நுழைவுத் தேர்வில் சீட்டு மயிரிழையில் தவறியது. இந்த வருஷத் தேர்வுக்கு ஏழு வாரம் பாக்கி. விலங்கியல் புத்தகத்தில் பாதிகூடத் தாண்டவில்லை. பகலெல்லாம் டப்பாவுக்கு அலைந்துவிட்டு ராத்திரி புத்தகத்தைத் திறந்தால், தவளையின் இதயத்துக்கு முன்னால் அவளே தூங்கிப்போகிறாள்.

புத்தகத்தில் பக்கத்துக்கு அடையாளமாக அவள் வைத்திருப்பது தன் ராஜினாமா கடிதத்தை. 'மதிப்பிற்குரிய ஐயா' என்று தொடங்கி, 'இப்படிக்கு, தங்கள் கீழ்ப்படிதலுள்ள, கு. பாஞ்சாலை' என்று முடிகிற முழுத்தாள் கடிதம். கெட்டித் தாளில், ஒடுகத்தூரில் வாங்கிய புதுப் பேனாவால் எழுதியது. தேதி மட்டும் எழுதவில்லை. எவராவது டப்பாவை அவள் முகத்துக்கு நேராக வீசிவிட்டு ஓடும் நாளில், 'நாளைக்கே தேதி போட்டுடறேன்' என்பாள். சனிக்கிழமை வந்ததும் அந்தக் கோபமெல்லாம் கரைந்துவிடும். சனிக்கிழமைதான் பரிசோதனை அறை ராஜவேலு சார் அவளை மைக்ராஸ்கோப்பில் கண் வைக்க விடுகிற நாள். கண்ணமங்கலத்துக்காரர். ஸ்டூலை விட்டு எழுந்து எவரும் பார்த்ததில்லை. "இன்னாம்மா, உன் சொந்தக்காரங்க வந்துகீறாங்க, பாரு" என்று நகர்ந்து கொடுப்பார். வட்டமான வெளிச்சத்துக்குள் கொக்கிப்புழுவின் முட்டை கண்ணாடி மணி போலக் கிடக்கும். அதைப் பார்க்கும்போது பாஞ்சாலை மூச்சுகூட விடமாட்டாள். நாற்றத்தால் அல்ல.

வைகாசியில் அவளுக்கு ஒரு கார்டு வந்தது. வேலூரில் நுழைவுத் தேர்வுக்கு இலவசப் பயிற்சி வகுப்பு, தங்குமிடத்தோடு. திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு நேரில் வராதவர் இடம் அடுத்தவருக்குப் போய்விடும். பாஞ்சாலை கார்டை நாலு முறை படித்தாள். புதுப் பேனாவைத் திறந்தாள். கடிதத்தில் தேதி போட்டாள். அது வியாழக்கிழமை. கடைசியாக ஒருமுறை சொந்த ஊரில் டப்பா கொடுத்து முடித்து, சனிக்கிழமை மைக்ராஸ்கோப்பை ஒரு தடவை கண்ணாரப் பார்த்துவிட்டு, கடிதத்தை நீட்டிவிடுவது. திங்கட்கிழமை விடியற்கால பஸ்ஸில் வேலூர்.

ஆத்துக்கொல்லையில் இருபத்து மூன்று வீடு. அன்று சாயங்காலமே எல்லா வீட்டுக்கும் டப்பா கொடுத்தாள். அதுவரை ஆறு டப்பாவுக்கு மேல் திரும்பி வந்ததில்லை. வெள்ளிக்கிழமை காலையில் அவளுடைய தாய்மாமன் ரங்கசாமி, கூடை நிறைய டப்பாக்களோடு வாசலில் வந்து நின்றார்.

"எண்ணிக்கம்மே. இருவத்தி மூணும் கீது. ஒரு வூடு பாக்கியில்ல."

"நெசமாவா மாமா? எல்லாரும் குடுத்தாங்களா?"

"அத்த விடு. நீ போய் குந்திப் படி."

ஊரே சேர்ந்து தன்னை வழியனுப்புகிறது என்று நினைத்துக்கொண்டாள் பாஞ்சாலை. எதை அனுப்பி வழியனுப்புகிறார்கள் என்பது ஒரு பக்கம் இருக்கட்டும்.

சனிக்கிழமை மதியத்துக்குள் ராஜவேலு சார் இருபத்து மூன்றையும் பார்த்து முடித்து, பதிவேட்டில் இருபத்து மூன்று 'இல்லை' எழுதிவிட்டார். "உங்க ஊரு சொக்கத் தங்கம்மா. ஒரு புழு இல்ல. மாத்திரையே வேணாம்!"

பாஞ்சாலை சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. பக்கத்து வீட்டு மாதம்மாள் அண்ணியின் இமை அவள் ஞாபகத்தில் வந்தது. சுண்ணாம்பு பூசின மாதிரி வெளுத்த இமை. ஊற்றிலிருந்து ஒரு குடம் தண்ணீர் கொண்டுவர மூன்று இடத்தில் உட்காருகிறவள். யாரும் பார்க்காதபோது புற்றுமண்ணைக் கிள்ளி வாயில் போட்டுக்கொள்கிறவள். புத்தகத்தில் கொக்கிப்புழு நோயைச் சொல்லும் ஒன்பதாம் பாடம் அப்படியே எழுந்து நடப்பது மாதிரி இருப்பாள். அவள் வயிற்றில் புழு இல்லையா?

டப்பாக்களைத் திரும்பத் திறந்தாள் பாஞ்சாலை. ஒன்றில் கெட்டியான சின்ன விதைகள். அடுத்ததிலும் அதே விதை. ஐந்தாவதில், பதினொன்றாவதில், இருபத்து மூன்றாவதில் எல்லாம் அதே விதை, அதே செக்கச்செவேல் நிறம். சப்பாத்திக்கள்ளிப் பழம். முள்ளுக்குப் பயந்து ஆத்துக்கொல்லையில் அதை யாரும் தொடுவதில்லை, ஒரே ஓர் ஆளைத் தவிர.

"சார், இது இருவத்தி மூணு பேர் இல்லைங்க. எங்க மாமா ஒருத்தருதுங்க."

ராஜவேலு சார் அன்றுதான் ஸ்டூலை விட்டு எழுந்தார். "யம்மா, திங்கக்கிழமை மத்தியானம் பதிவேடு ஜீப்புல எறங்குது."

"நாளைக்கு சாயங்காலம் டப்பா குடுத்தா திங்கக்கிழமை காலையில வாங்கிரலாங்க. நீங்க ஒரு எட்டு போவ முடியுங்களா? எனக்கு அன்னிக்கு வேலூரு..."

"நானா? என் மூஞ்சியப் பாத்தா அவங்களுக்கு வர்றதும் நின்னுடும்."

தேதி போட்ட கடிதம் புத்தகத்துக்குள்ளேயே இருந்தது. பாஞ்சாலை, உடைந்தால் மாற்ற ஒன்று கூடுதலாக, இருபத்து நாலு புது டப்பாக்களைப் பையில் போட்டுக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பொழுது சாய்கிற நேரம். ரங்கசாமி மாமா தன் டயர் செருப்பைக் கல்லில் தட்டிக்கொண்டிருந்தார். ஊரில் செருப்புப் போடும் ஒரே மனிதர். ஒடுகத்தூர் சந்தையில் வாங்கியது. படுக்கும்போது மட்டும் கழற்றுவார்.

"மாமா, கள்ளிப்பழம் துன்னியா?"

"அய்யய்யோ! டப்பாவுல அதுகூடவா தெரியுது?"

"இன்னா மாமா பண்ணி வச்சிருக்க!"

"இன்னாம்மே பண்ணேன்? வூடு வூடாப் போய்ட்டுக் கெஞ்சினு கீற. பரீட்சைக்கு நாளு இல்ல. பொண்ணு படிக்கட்டுமேன்னு எல்லா டப்பாவயும் வாங்கி நானே ரொப்பிட்டேன். எம்மாஞ் சிரமம் தெரியுமா? குச்சி ஒடஞ்சி போச்சி."

பாஞ்சாலைக்குத் திட்ட வந்த வார்த்தை வாய்க்குள்ளேயே குழைந்தது. அவர் முன்னால் குந்தி, மெதுவாகச் சொன்னாள். "கொக்கிப்புழு வெறுங்கால் வழியாத்தான் ஏறும் மாமா. நீ செருப்பு போட்டுக்குற, உனக்கு இல்ல. உன்னுத வச்சி ஊருக்கே இல்லன்னு எழுதிட்டாங்க. மாதம்மா அண்ணிக்கு மாத்திர வராது."

மாமா குனிந்து தன் செருப்பைப் பார்த்தார். அப்புறம் எழுந்து, அடிவயிற்றிலிருந்து ஊரைக் கூப்பிட்டார்.

ஊர் வந்தது. டப்பாவைக் கண்டதும் பாதி ஊர் திரும்பியது. மிச்சப் பாதி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. மாதம்மாள் சுவரைப் பிடித்தபடி நின்று, மூச்சு வாங்க வாங்கக் கேட்டாள். "எங்குளுதெல்லாம் பாக்கறியே, எட்டு மாசத்துல உன்னுத ஒரு நாளு குடுத்திருக்கியாம்மே?"

சிரிப்பு கொல்லென்று எழுந்தது. மூன்று மலை சுற்றி டப்பா கொடுத்தவள், தன் பெயரில் ஒன்று எழுதிக்கொள்ளவே இல்லை. நாலு தரம் கழுவுகிற கைக்கு அது மட்டும் கூசியது.

"ஆளுக்கு ஆள் மாறாம இருக்கப் பேரு ஒட்டறேன்" என்று மட்டும் சொன்னாள். ஒட்டக் கஞ்சிப்பசை இருந்தது. காகிதம் இல்லை. விலங்கியல் நோட்டில் ஒரு தாள் கிழிக்கப் போனாள். இரண்டு பக்கமும் தவளை. மனசு வரவில்லை. புத்தகத்தைப் பிரித்துக் கடிதத்தை எடுத்தாள். கெட்டித் தாள், பின்பக்கம் வெறுமை. முழங்காலில் வைத்து மடித்து மடித்துக் கிழித்தாள். 'மதிப்பிற்குரிய ஐயா'வின் முதுகில் ரங்கசாமி என்று எழுதினாள். 'வேலையிலிருந்து'வின் முதுகில் மாதம்மாள். தேதியின் முதுகில் யாரோ ஒரு சித்தி. இருபத்து மூன்று துண்டு ஒட்டியானது.

இருபத்து நாலாவது டப்பாவுக்கான கடைசித் துண்டைத் திருப்பிப் போடவில்லை. அதில் பெயர் ஏற்கெனவே இருந்தது.

திங்கட்கிழமை. இன்னும் வெளுக்கவில்லை. கீழே வளைவில் வேலூர் பஸ் இரண்டு தரம் ஹாரன் அடித்து நின்றது. பெண்கள் வழக்கம்போல ஓடைப் பக்கம் போகிற பாதையில் கூடியிருந்தார்கள். எல்லோர் கையிலும் டப்பா. யார் காலும் நகரவில்லை; எல்லோரும் பாஞ்சாலையையே பார்த்தார்கள்.

"போம்மே, ஓடு! பஸ்ஸு நிக்குது. நான் வாங்கியாந்து தர்றேன்!" என்று மாமா கத்தினார். அவர் அன்று வெறுங்காலோடு நின்றார். டயர் செருப்பு மாதம்மாளின் காலில், படகு மாதிரி.

"நீ வாங்குன லட்சணம்தான் தெரியுமே!" என்றாள் பாஞ்சாலை.

மூன்றாம் ஹாரன் கேட்டது. பாஞ்சாலை மூக்குத் துண்டை அவிழ்த்து இடுப்பில் செருகினாள். 'தங்கள் கீழ்ப்படிதலுள்ள, கு. பாஞ்சாலை' என்று ஒட்டியிருந்த டப்பாவை எல்லோருக்கும் தெரிகிற மாதிரி தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, முதல் ஆளாகப் புதருக்குப் பின்னால் நடந்தாள்.